தலைப்புச் செய்தியை அப்படியே நம்பியிருந்தால்...

பேப்பர் படிக்கிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கிரிக்கெட் ஸ்கோருக்காகக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பிக்கிறவர்கள். ராசிபலனை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவர்கள். டீக்கடையில் அடுத்தவர் கையில் இருக்கும் பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, நாட்டு நடப்பு முழுக்கத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள். நான் மூன்றாவது வகை. அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை மக்களே, சூழ்நிலை! எங்கள் ஹாஸ்டலுக்கு வருவது இரண்டே பேப்பர். நான் எழுந்து போவதற்குள் சினிமாப் பக்கம் ஒருத்தன் ரூமில், விளையாட்டுப் பக்கம் இன்னொருத்தன் ரூமில், முதல் பக்கம் மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு அடியில். சாம்பார் படாத தலைப்புகளை வைத்துத்தான் என் பொது அறிவு வளர்ந்து கொண்டிருக்கிறது.

இப்படி இருந்தவனை போன செமஸ்டரில் ஒரு பேப்பர் பிரசன்டேஷனுக்கு (பேப்பரைப் பற்றியே பேப்பர், ஹிஹி) பழைய முதல் பக்கங்களைத் தேட வைத்துவிட்டார்கள். பிரசன்டேஷன் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தேடல் மட்டும் நிற்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து 1903-ஆம் வருஷத்து தலைப்பைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருப்பவனை ரூம்மேட் பார்த்த பார்வை இருக்கே... சரி விடுங்க.

அப்போது கண்டுபிடித்த விளையாட்டுதான் இது. விதி ரொம்ப சிம்பிள். பழைய தலைப்பு ஒன்றை எடுங்கள். அதை அப்படியே நம்புங்கள். அது நிஜமாக இருந்திருந்தால் அதற்கப்புறம் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கடைசியில், உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நம்மைவிட உண்மைதான் நல்லா காமெடி பண்ணியிருக்கும். (எப்பவும் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

தலைப்பு 1: "சர் ஜான் ஹெர்ஷல் அண்மையில் நிகழ்த்திய மாபெரும் வானியல் கண்டுபிடிப்புகள்"

நியூயார்க்கில் வந்துகொண்டிருந்த 'தி சன்' பத்திரிகை, 1835 ஆகஸ்ட். தலைப்பைப் பார்த்தால் பரம சாது. உள்ளே போனால்தான் மேட்டரே. ஹெர்ஷல் என்கிற பெரிய விஞ்ஞானி தென்னாப்பிரிக்காவில் நன்னம்பிக்கை முனையில் ஒரு ராட்சத தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்த்தாராம். அங்கே காடு, கடல், ஒற்றைக் கொம்பு ஆடு, வாலில்லாமல் இரண்டு காலில் நடக்கும் பீவர்கள் எல்லாம் தெரிந்ததாம். உச்சக்கட்டமாக, இறக்கை வைத்த வௌவால் மனிதர்கள்! ஆறு பகுதிகளாகத் தொடர்கதை மாதிரி வந்தது. ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

நம்பியிருந்தால்:

முதல் வேலையாக நிலாவில் பிளாட் போட்டிருப்பார்கள். "பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்." (எந்த பஸ் ஸ்டாண்டு என்றெல்லாம் கேட்கக் கூடாது.) பௌர்ணமி அன்று சைட் விசிட், மதியச் சாப்பாடு இலவசம்.

அடுத்தது வௌவால் மனிதர்களுக்கு ஓட்டுரிமை. அவர்கள் தலைகீழாகத் தொங்குகிறவர்கள் என்பதால் ஓட்டுச் சீட்டையும் தலைகீழாக அச்சடிக்க வேண்டும். உதயசூரியன் அவர்களுக்கு அஸ்தமன சூரியனாகத் தெரிகிறது என்று ஒரு வழக்கு. இரட்டை இலை எப்படிப் பார்த்தாலும் இரட்டை இலைதானா என்று இன்னொரு வழக்கு. தேர்தல் கமிஷன் பாவம்.

நமக்கு மட்டும் இதில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. அவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தும், நிலாவில் வடை சுடும் பாட்டி கண்ணில் படவே இல்லை! ஆனால் அந்த பீவர்கள் குடிசை கட்டி வாழ்ந்தன, குடிசையில் புகை வந்தது, அதனால் நெருப்பு பற்றவைக்கத் தெரிந்தவை என்று கட்டுரையில் இருக்கிறது. ஆக அடுப்பு உறுதி. பாட்டி கடைக்குப் போயிருந்த நேரமாக இருக்கலாம்.

உண்மையில் நடந்தது: ஹெர்ஷல் என்கிற விஞ்ஞானி நிஜம். அவர் அப்போது தென்னாப்பிரிக்காவில் தொலைநோக்கியோடு இருந்ததும் நிஜம். மற்றதெல்லாம் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்ற பத்திரிகைக்காரர் நியூயார்க்கில் உட்கார்ந்து விட்ட ரீல். சாட்டிலைட், போன் எதுவும் இல்லாத காலம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹெர்ஷலுக்குத் தன் பெயரில் வௌவால் பறப்பதே ரொம்ப நாள் தெரியாது. தெரிந்ததும் முதலில் சிரித்தார். பிறகு, அதை நம்பி ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் சலித்துப் போனார். கதையை முடித்த விதத்தைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். தொலைநோக்கியை மூடாமல் விட்டதால் சூரிய வெளிச்சம் அதன் வழியாக விழுந்து ஆராய்ச்சிக்கூடமே தீப்பிடித்துவிட்டதாம். அதனால் இனி நிலாவைக் காட்ட முடியாதாம். "ரெக்கார்டு நோட்டை நாய் தின்னுடுச்சு சார்" என்பதற்கு 1835-லேயே முன்னோடி!

தலைப்பு 2: "பறக்காத பறக்கும் இயந்திரங்கள்"

நியூயார்க் டைம்ஸ், 1903 அக்டோபர் 9. இதற்கு இரண்டு நாள் முன்னால் சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானி, அரசாங்கம் கொடுத்த 50,000 டாலர் பணத்தில் செய்த விமானத்தைப் பறக்கவிட்டார். அது நேராகப் போய் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. டைம்ஸ் விடுமா? தலையங்கம் எழுதிவிட்டது. கணித மேதைகளும் இயந்திர நிபுணர்களும் இடைவிடாமல் சேர்ந்து உழைத்தால், மனிதன் பறக்க பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் வரை ஆகலாம் என்று.

பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை! எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்துக்குச் சொன்ன கெடு மாதிரியே இருக்கிறது.

நம்பியிருந்தால்:

என் ரூம்மேட் ஏரோநாட்டிக்கல். அந்த டிபார்ட்மென்டே இருக்காது. அவனை சிவிலில் போட்டிருப்பார்கள். லேப் வைவாவுக்கு அவன் பதில் சொல்கிற அழகைப் பார்த்தால் நாட்டுக்கு விமானங்களே இல்லாமல் போனதைவிடப் பாலங்களுக்கு வரப்போகிற ஆபத்துதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஃபாரின் மாப்பிள்ளை எல்லாரும் கப்பலில்தான் வர வேண்டும். இரண்டு மாத லீவில் பாதி கடலிலேயே போய்விடும். நேரம் மிச்சப்படுத்தப் பெண் பார்க்கிற வைபவத்தைத் துறைமுகத்திலேயே வைத்துக் கொள்வார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் முடிந்துதான் வரும்.

உண்மையில் நடந்தது: தலையங்கம் வந்த 69-ஆவது நாள், 1903 டிசம்பர் 17. வட கரோலினாவில் கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேட்டில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். பத்து லட்சம் வருஷம் எங்கே, 69 நாள் எங்கே!

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு அவர்கள் நான்கு தடவை பறந்தார்கள். முதல் தடவை 12 விநாடி, 120 அடி. கடைசித் தடவை 59 விநாடி, 852 அடி. அப்பாவுக்குத் தந்தி கொடுத்தார்கள். தந்தியில் 59 விநாடி 57 ஆகிவிட்டது. மறுநாள் 'வர்ஜீனியன் பைலட்' என்ற பேப்பர், பறக்கும் இயந்திரம் எதிர்காற்றில் மூன்று மைல் பறந்தது என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டது. 852 அடியை மூன்று மைலாக்குவதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும். எங்கள் சித்தப்பா பிடித்த மீன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். அவருக்கே இது கொஞ்சம் ஓவராகத் தெரியும்.

சரி, சொந்த ஊரான டேடனிலாவது ஒழுங்காகப் போட்டார்களா? அங்கே ஒரு பேப்பரில் வந்த தலைப்பு, "மாபெரும் சாண்டோஸ் டூமோனைப் பின்பற்றும் டேடன் பையன்கள்". சாண்டோஸ் டூமோன் அதுவரை ஓட்டிக் கொண்டிருந்தது பலூன் கப்பல். காற்றைவிட எடை கூடிய ஒரு இயந்திரம் தன் எஞ்சின் பலத்தில் முதல் தடவையாக ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்குக் கொடுத்த சர்டிபிகேட், "அந்த அண்ணன் மாதிரியே பண்றாங்க." உள்ளூர்க்காரனை உள்ளூரில் மதிக்க மாட்டார்கள் என்பது அமெரிக்காவிலும் அப்படித்தான் போல.

தலைப்பு 3: "நம்பும் சக்திக்கே பெரும் சோதனை"

மறுபடியும் நியூயார்க் டைம்ஸ்தான். (எனக்கும் அவர்களுக்கும் எந்த முன்விரோதமும் இல்லை.) 1920 ஜனவரி 13. ராபர்ட் கோடார்ட் என்கிற பேராசிரியர், ராக்கெட்டை நிலா வரைக்கும்கூட அனுப்பலாம் என்று எழுதியிருந்தார். டைம்ஸ் தலையங்கம் அவரைக் காய்ச்சி எடுத்தது. வெற்றிடத்தில் ராக்கெட் எதை உதைத்துக் கொண்டு முன்னே போகும்? அங்கேதான் காற்றே இல்லையே! பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லிக் கொடுக்கிற விஷயம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்று.

நம்பியிருந்தால்:

1969, அப்பல்லோ 11. பூமியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிடுகிறது. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். ஹூஸ்டனிலிருந்து நம்மூர் கண்டக்டர் குரல் வருகிறது. "எல்லாரும் இறங்கி ஒரு கை குடுங்க சார்... ம்ம்ம் தள்ளு!"

உண்மையில் நடந்தது: ராக்கெட் காற்றை உதைத்துக் கொண்டு போவதில்லை. தன் வயிற்றிலிருந்து வாயுவைப் பின்பக்கம் வீசுகிறது, அந்த வாயு பதிலுக்கு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அதாவது, பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லிக் கொடுக்கிற விஷயம்! சுற்றிலும் காற்று இல்லாவிட்டால் இன்னும் சௌகரியம், உராய்வு கிடையாது. கோடார்ட் 1926 மார்ச் 16-ல் உலகத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை மாசச்சூசெட்ஸில் ஒரு பண்ணையில் விட்டார். இரண்டரை விநாடி பறந்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தது. முட்டைக்கோஸில் விழுந்தாலும் விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

1969 ஜூலை 16-ல் அப்பல்லோ 11 கிளம்பியது. மறுநாளே டைம்ஸில் ஒரு திருத்தம் வந்தது. வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, தவறுக்கு வருந்துகிறோம் என்று. 49 வருஷம் கழித்து! முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் கோடார்ட் 1945-லேயே இறந்துவிட்டார் என்பது உறைத்தது. கிண்டலை அவர் படித்தார். மன்னிப்பை அவர் படிக்கவில்லை.

தலைப்பு 4: "ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி"

பழைய தலைப்பு என்று பேச ஆரம்பித்தால் இதைச் சொல்லாமல் விட்டால் சாமி கண்ணைக் குத்தும். சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், 1948 நவம்பர் 3. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். கருத்துக் கணிப்பு எடுத்தவர்கள் எல்லாரும் தாமஸ் டூயிதான் ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். அதோடு அந்தப் பேப்பரில் அச்சுக் கோர்ப்பவர்கள் வேலைநிறுத்தம். டைப்ரைட்டரில் அடித்து, போட்டோ எடுத்து, பிளேட் செய்து அச்சடிக்க வேண்டிய நிலைமை. அதனால் வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னாலேயே பக்கத்தை முடிக்க வேண்டும். பாதி ஓட்டு எண்ணுவதற்குள்ளேயே தலைப்பு தயார். சுமார் ஒன்றரை லட்சம் காப்பி வெளியே போய்விட்டது.

நம்பியிருந்தால்:

நம்மூராக இருந்தால் அன்று ராத்திரியே ஃப்ளெக்ஸ் அடித்திருப்பார்கள். "வெள்ளை மாளிகையின் விடிவெள்ளியே!" காலை ஆறு மணிக்குப் பட்டாசு. ஏழு மணிக்கு ட்ரூமன் கட்சி வட்டச் செயலாளர் "மனசாட்சியின் குரலைக் கேட்டு" டூயி கட்சியில் ஐக்கியம். எட்டு மணிக்கு முழு ரிசல்ட். எட்டேகாலுக்கு மனசாட்சி மறுபடியும் குரல் கொடுக்கிறது. ஒன்பது மணிக்கு ஃப்ளெக்ஸ் கடையில் பெரிய தகராறு. "தலையை மட்டும் மாத்திக் குடு, உடம்பு அப்படியே இருக்கட்டும்."

உண்மையில் நடந்தது: ட்ரூமன் 303, டூயி 189. தலைநகருக்குத் திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் கையில் ஒரு ட்ரிப்யூன் காப்பி கிடைத்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக ஒரு போஸ் கொடுத்தார் பாருங்கள், அதுதான் அந்தத் தேர்தலின் புகைப்படமாகவே ஆகிவிட்டது. முன்பு அவரை மடையன் என்கிற ரேஞ்சில் திட்டிய பேப்பர் அது. திருத்தம் கேட்டு அவர் வழக்குப் போடவில்லை, மறுப்பு அறிக்கை விடவில்லை. தூக்கிப் பிடித்தார், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் ஜாலி. ஆனால் இந்த விளையாட்டை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பதிலுக்கு ஒரு கதை சொன்னார்.

அம்மா பள்ளிக்கூடம் படித்த காலம். தாத்தா பழனிக்குப் போயிருந்தார். சாயங்காலம் பெட்டிக்கடை வாசலில் மாலைப் பேப்பர் போஸ்டர் தொங்கியிருக்கிறது. "பஸ் கவிழ்ந்தது! பயணிகள் கதி என்ன?" எந்த ஊர், எந்த பஸ், ஒன்றும் இல்லை. வீட்டில் போன் கிடையாது. பேப்பர் வாங்கிப் பார்க்கலாம் என்று மாமா ஓடினால் எல்லாக் காப்பியும் விற்றுத் தீர்ந்துவிட்டது. (போஸ்டர் தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது.) பாட்டி வாசல்படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தெருவே கூடிவிட்டது. ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தாத்தா ஒரு கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து, "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். அக்குளில் அதே பேப்பர்! பஸ் ஸ்டாண்டில் வாங்கி வழியெல்லாம் படித்துக் கொண்டு வந்திருக்கிறார். கவிழ்ந்தது ஏதோ வேறு மாவட்டத்து பஸ். பயணிகளுக்குச் சிராய்ப்பு. அதுவும் செய்தியின் மூன்றாவது வரியிலேயே இருந்திருக்கிறது.

பாட்டி அழுகையை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாராம். தாத்தாவையா, பேப்பரையா என்பது அம்மாவுக்கு இன்று வரை தெளிவாகத் தெரியாது. ஒரு வரி மட்டும் அம்மாவுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா எழுது. தெரியலன்னா எதுக்குடா எங்களைக் கேக்குற?"

அதற்கப்புறம் நான் அடுத்த தலைப்பை வேறு மாதிரிதான் பார்த்தேன்.

தலைப்பு 5: "மோதலுக்குப் பின் டைட்டானிக்கில் அனைவரும் மீட்பு"

நியூயார்க்கின் 'ஈவ்னிங் சன்', 1912 ஏப்ரல் 15. அன்று அதிகாலையிலேயே கப்பல் மூழ்கிவிட்டது. சுமார் 1500 பேர் இறந்துவிட்டார்கள். மறுநாள் லண்டனில் 'டெய்லி மெயில்' கூட "டைட்டானிக் மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை" என்றுதான் போட்டது.

இது எப்படி நடந்தது? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது. அப்போதுதான் கம்பியில்லாத் தந்தி பரவிக் கொண்டிருந்தது. அந்தரத்தில் ஏகப்பட்ட செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. "டைட்டானிக் பயணிகள் எல்லாரும் பத்திரமா?" என்று யாரோ கேட்டது ஒரு செய்தி. வேறொரு கப்பலைக் கட்டி இழுத்துக் கொண்டு ஹாலிஃபாக்ஸ் போகிறோம் என்பது இன்னொரு செய்தி. இரண்டும் கலந்து, "எல்லாரும் பத்திரம், டைட்டானிக்கை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள்" என்று ஆகிவிட்டது.

எங்கள் பாட்டியை அழவைத்த போஸ்டரில் இல்லாத கேள்விக்குறியை வலிய சேர்த்தார்கள். இங்கே இருந்த கேள்விக்குறியைத் தொலைத்துவிட்டார்கள்.

நம்பியிருந்தால்... என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இதில் நான் கற்பனை செய்ய ஒன்றும் இல்லை. நிஜமாகவே நம்பினார்கள். அப்பாவோ பிள்ளையோ அந்தக் கப்பலில் இருந்த குடும்பங்கள் அந்தத் தலைப்பைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் சில மணி நேரம் பொய்யான பயம், பிறகு பஞ்சாமிர்தம். அவர்களுக்கு ஒரு நாள் பொய்யான நிம்மதி, பிறகு இறந்தவர்கள் பட்டியல்.

அதே நாள் நியூயார்க் டைம்ஸில் கார் வான் ஆண்டா என்ற ஆசிரியருக்கும் கிடைத்தது அதே அரைகுறைத் தகவல்தான். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நள்ளிரவுக்குப் பிறகு டைட்டானிக்கிலிருந்து வந்து கொண்டிருந்த தந்திகள் திடீரென்று நின்றுவிட்டன. கப்பல் நன்றாக இருந்தால் ஏன் பேச்சு நிற்க வேண்டும்? மற்றவர்கள் ஆபத்தில்லை என்று எழுதிக் கொண்டிருந்தபோது, கப்பல் மூழ்கிவிட்டது என்று அவர் பேப்பர் எழுதியது. மேலே இரண்டு தடவை டைம்ஸைக் கலாய்த்தேன் இல்லையா, அதற்கு இது கணக்கில் நேர் செய்யப்பட்டது.

தலைப்பு 6: "நகரத்துக்கு ஃபோர்டு: செத்துத் தொலை!"

நியூயார்க் 'டெய்லி நியூஸ்', 1975 அக்டோபர் 30. நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலையில் இருந்தது. கைகொடுக்கிற மசோதா எது வந்தாலும் ரத்து செய்வேன் என்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு முந்தின நாள் பேசினார். "செத்துத் தொலை" என்று அவர் சொல்லவே இல்லை. அது முழுக்க தலைப்பு எழுதினவர் கைவண்ணம். அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் அவரே நகரத்துக்குக் கடன் கொடுக்கக் கையெழுத்தும் போட்டார். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

1976 தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் 297, ஃபோர்டு 240. நியூயார்க் மாநிலத்தின் 41 ஓட்டும் கார்ட்டருக்குப் போனது. அந்த 41-ஐ இந்தப் பக்கம் கூட்டி, அந்தப் பக்கம் கழித்துப் பாருங்கள். ஃபோர்டு 281, கார்ட்டர் 256. அந்த ஒரு தலைப்பால்தான் தோற்றார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, வேறு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் அந்தத் தலைப்பு தன்னைக் கவிழ்த்ததாக ஃபோர்டே பின்னாளில் சொன்னார். வாயால் சொல்லாத வார்த்தைக்குத் தண்டனை அனுபவிப்பது கணவன்மார்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

தலைப்பு 7: "உண்மை"

இதுதான் நான் கடைசியில் வருகிறேன் என்று சொன்னது. ஒரே ஒரு வார்த்தை. லண்டனின் 'தி சன்', 1989 ஏப்ரல் 19.

நான்கு நாள் முன்னால் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து அரையிறுதி. கூட்டத்தை போலீஸ் தவறாகக் கையாண்டதில், ஏற்கனவே நிரம்பியிருந்த கம்பி வேலி அடைப்புக்குள் மேலும் மேலும் ஆட்கள் போய், நசுங்கி இறந்தார்கள். பின்னாளில் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 97 பேர். எல்லாரும் லிவர்பூல் அணி ரசிகர்கள். நிறைய பேர் என் வயசு, என்னைவிடச் சின்ன வயசு. "உண்மை" என்ற தலைப்புக்குக் கீழே, ரசிகர்கள் செத்தவர்கள் பையிலிருந்து திருடினார்கள், காப்பாற்ற வந்த போலீஸை அடித்தார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. போலீஸ் தரப்பிலிருந்து வந்த பொய் அது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடக்கம்கூட முடியாத நேரத்தில், அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய நண்பர்களையும் திருடர்கள் என்றது முதல் பக்கம்.

அந்தக் குடும்பங்கள் விடவில்லை. 23 வருஷம் கழித்து, 2012-ல் சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களை எல்லாம் பார்த்து அந்தக் குற்றச்சாட்டுகள் பொய் என்றது. பத்திரிகை அன்றைக்கு முழுதாக மன்னிப்புக் கேட்டது. 2016-ல் விசாரணை ஜூரி, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. லிவர்பூல் பக்கம் அந்தப் பேப்பரைப் புறக்கணிப்பது 1989-ல் ஆரம்பித்தது. விற்க மாட்டோம் என்று சொல்லும் கடைகள் இப்போதும் அங்கே உண்டு.

வௌவால் மனிதன், டூயி, முட்டைக்கோஸ் ராக்கெட் எல்லாவற்றுக்கும் ஏன் நம்மால் சிரிக்க முடிகிறது என்று இதைப் படித்தபோது புரிந்தது. அந்தத் தலைப்புகள் கடைசியில் எழுதினவர்கள் முகத்திலேயே கரி பூசின. ட்ரூமன் பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அவர் ஜெயித்திருந்தார், நாட்டுக்கே ஜனாதிபதி. பிள்ளையைத் தொலைத்த லிவர்பூல் அம்மா எந்த ரயில் நிலையத்தில் நின்று எந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பாள்? தப்பான தலைப்பு எல்லாருக்கும் வரும். அதைத் திருப்பிக் கொடுக்கிற வசதி எல்லாருக்கும் கிடையாது.

சரி சரி, ரொம்ப சீரியஸ் ஆயிடுச்சு. அவசரம், கருத்துக் கணிப்பு, தந்தியில் குளறுபடி, யாரோ சொன்னதை நம்பியது என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. எதுவும் இப்போது ஒழிந்துபோய்விடவில்லை. அன்றைக்கு ஒன்றரை லட்சம் காப்பி அச்சடிக்க ஒரு அச்சகமே வேண்டியிருந்தது. இன்றைக்கு எங்கள் பெரியப்பா ஒருத்தர் போதும். காலை ஐந்தரை மணிக்கே குடும்ப குரூப்பில் "அதிர்ச்சித் தகவல்!" வந்துவிடும். அதைத் திருத்தி யாராவது ஏதாவது போட்டால் அதன்மேல் ஐந்து குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து மூடிவிடும்.

நான் இப்போது பாட்டியின் ரூலைத்தான் வைத்திருக்கிறேன். பெரிய தலைப்பைப் பார்த்தால் மூன்றாவது வரி வரைக்குமாவது போவது. அங்கேயும் என்ன ஆச்சு என்று தெரியவில்லை என்றால், அவர்களுக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். யாருக்கும் அனுப்புவதில்லை. பெரியப்பாவுக்கும் போன வாரம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். உடனே குரூப்பில் ஒரு செய்தி போட்டார்: "படித்த பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை. காரணம் என்ன?"

நானும் விடாமல் மூன்றாவது வரி வரை படித்தேன். காரணம் செல்போனாம்.

அப்ப வர்ட்டா?